அமீனா

அரபியில் ‘அமீன்’ என்றால் நம்பிக்கைக்குரியவர். நம்பி ஒப்படைப்பதைக் குறிக்கும் ‘அமானத்’துக்கும் இதே வேர்தான். கோர்ட் வழியே தமிழுக்கு வந்ததும் வால் நீண்டு ‘அமீனா’ ஆயிற்று. கடன்காரர் கண்ணில் இவரைவிட நம்பத்தகாதவர் யார்!

அமீனாவின் வேலை ஜப்தி. சம்மன் கொடுப்பவர் வேறு ஊழியர். ஊர் இருவரையும் அமீனா என்றே சொல்லும். சம்மனோடு போனால், ஆள் வீட்டில் இருந்தாலும் ‘ஊரில் இல்லை’ என்று பதில் வரும். 1908-ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டம் இதற்கும் வழி வைத்திருக்கிறது: உரிய முயற்சிக்குப் பிறகும் ஆள் அகப்படாவிட்டால் சம்மன் நகலை வாசற்கதவில் ஒட்டலாம். வீட்டை அடையாளம் காட்டியவர் பெயரையும் அறிக்கையில் எழுதவேண்டும். பக்கத்து வீட்டுக்காரருக்குச் சங்கடம்தான். வேண்டுமென்றே ஒளிகிறார் என்று நீதிமன்றம் கருதினால், கடைசியாகக் குடியிருந்த வட்டாரத்தில் விற்கும் நாளிதழில் விளம்பரம் செய்யச் சொல்லலாம். படித்தாரோ இல்லையோ, கையில் கொடுத்ததாகவே கணக்கு.