ஜமாபந்தி என்னும் சொல்

வைகாசியின் பிற்பகுதியில், மேற்கு மலையின் சிகரங்களில் மேகம் தங்கத் தொடங்கி, ஆரியங்காவுக் கணவாயின் வழியாக ஈரக்காற்று உட்புகுந்து, குற்றாலத்துப் பாறைகளில் நீர் விழலாயிற்று என்ற செய்தி தென்காசிக் கடைவீதியை எட்டுகின்ற அதே நாட்களில், தாலுகா கச்சேரியின் அறிவிப்புப் பலகையில் வேறொரு செய்தியும் ஒட்டப்படுகிறது. இன்ன தேதியில் இன்ன பிர்க்காவைச் சேர்ந்த இன்னின்ன கிராமங்களுக்கு ஜமாபந்தி நடைபெறும், கிராமவாசிகள் தத்தம் மனுக்களை நேரில் கொண்டுவந்து கொடுக்கலாம் என்பது அதன் சாரம். அருவியைப் பற்றிய செய்திக்குக் காத்திருப்பவர்கள் வெளியூரார். ஜமாபந்தியைப் பற்றிய செய்திக்குக் காத்திருப்பவர்களோ இவ்வூர்க் குடிகள். பட்டாவில் இறந்துபோன தகப்பனாரின் பெயரே இன்னும் நிற்கிறதென்று கவலைப்படும் விவசாயியும், முதியோர் உதவித்தொகை வேண்டும் கைம்பெண்ணும், வீட்டுமனை கேட்கும் பீடி சுற்றும் தொழிலாளியும் ஆண்டு முழுவதும் மனத்தில் வைத்திருந்த குறையைத் தாளில் ஏற்றுகின்ற காலம் அது.

இவ்வளவு பேர் நாவிலும் சாதாரணமாகப் புழங்கும் இச்சொல்லின் சரித்திரத்தைச் சற்றே ஆராய்ந்து பார்ப்பது பயனுள்ளது என்று நான் கருதுவதற்குக் காரணம் உண்டு. ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளாகச் சொல் தன் உருவத்தை மாற்றிக்கொள்ளாமல் இருக்க, அது குறித்த காரியமோ முற்றிலும் எதிர்த்திசையில் திரும்பிவிட்டிருக்கிறது.

ஜமாபந்தி என்பது இரண்டு பாஷைகளின் சேர்க்கை. 'ஜமா' என்பது அரபுச் சொல். ஒன்று சேர்த்தல், கூட்டுதல், கூட்டி வந்த மொத்தம் என்பன அதன் பொருள்கள். கடையநல்லூரிலும் தென்காசியிலும் பள்ளிவாசலைச் சார்ந்த மக்கட் கூட்டத்தை ஜமாஅத் என்கிறோம். வெள்ளிக்கிழமையன்று எல்லோரும் கூடித் தொழுவதை ஜும்ஆ என்கிறோம். இவையும் அந்த ஒரே தாதுவினின்று பிறந்தவை. 'பந்தி' என்பது பாரசீகம்; கட்டுதல், கட்டி நிலைநிறுத்துதல் என்று பொருள்படும். பந்தோபஸ்து என்ற சொல்லில் வருவதும் இதுவே. பாரசீகமும் சம்ஸ்கிருதமும் ஒரு குடும்பத்து மொழிகளாதலால், நாம் நெடுங்காலமாக எடுத்தாண்டு வரும் பந்தம், சம்பந்தம், நிபந்தனை ஆகிய சொற்களும் இதற்கு உறவாகின்றன. விருந்தில் இலை போட்டு வரிசையாக அமரும் பந்தி மட்டும் இக்கூட்டத்தில் சேராது. அது 'பங்க்தி' என்ற வடசொல்லின் திரிபு. ஆனாலும் 'சமாபந்தி' என்று ஜகரத்தைச் சகரமாக்கிச் சொல்லும் கிராமத்துப் பெரியவர் ஒருவர், கோவிலில் சுதந்திர தினத்தன்று நடக்கும் சமபந்தி போஜனத்தையும் தாலுகா கச்சேரியின் ஜமாபந்தியையும் ஏதோ ஒரு வகையில் தொடர்புடையவை என்று எண்ணினால், அவரைக் குறை சொல்ல முடியாது. இரண்டும் கூடி அமர்தலைக் குறிப்பவையாகவே காதில் விழுகின்றன.

ஆக, ஜமாபந்தி என்றால் மொத்தத்தைக் கட்டி நிலைநிறுத்துதல். எந்த மொத்தம் என்று கேட்டால், குடி அரசுக்குச் செலுத்தவேண்டிய வரியின் மொத்தம்.

இந்தக் காரியம் தமிழ்நாட்டுக்குப் புதிதன்று, பெயர்தான் புதிது. இறை, கடமை, குடிமை, அந்தராயம் என்று வரியின் வகைகளைச் சாசனங்கள் பேசுகின்றன. சோழர் காலத்தில் வரிக்கணக்கு வைத்த அரசாங்கப் பகுதிக்குப் புரவுவரித் திணைக்களம் என்றும், அங்கே இருந்த ஏட்டுக்கு வரிப்பொத்தகம் என்றும் வழங்கினர். பாண்டிய நாட்டிலும் கோவிலுக்கு விடப்பட்ட நிலத்துக்கு வரி நீக்கப்படும்போது அதை இறையிலி என்று கல்லில் வெட்டி வைத்தார்கள். 15-ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியர் தென்காசியில் விசுவநாதர் ஆலயத்தை எழுப்பிய காலத்தில், இங்கே வரி கணக்கிட்ட அதிகாரி ஜமாபந்தி என்ற சொல்லைக் கேட்டிருக்க நியாயமில்லை.

பாரசீகச் சொற்கள் இந்தச் சீமையில் வேரூன்றியது ஆற்காட்டு நவாபின் ஆதிக்கத்தின்போது. 18-ஆம் நூற்றாண்டில் திருநெல்வேலிச் சீமையின் வரிவசூல் அவருடைய பேரால் நடந்தது. கான்சாகிபு என்று கிராமிய நினைவில் நிலைத்துவிட்ட முகம்மது யூசுப்கான் 1764-இல் தூக்கிலிடப்படுவதற்கு முன் மதுரையையும் திருநெல்வேலியையும் குத்தகைக்கு எடுத்து ஆண்டவர். 1801-இல் நவாபோடு செய்துகொண்ட உடன்படிக்கையின்படி கர்நாடக ராஜ்யத்தின் நிர்வாகத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனியார் ஏற்றபோது, நவாபின் அதிகாரத்தை எடுத்துக்கொண்டார்களேயன்றி அவருடைய கச்சேரி பாஷையை அகற்றவில்லை. இன்றைக்கும் நாம் சொல்லும் தாசில்தார் என்பவர் திரட்டுகின்றவர். தாலுகா என்பது ஓர் அதிகாரத்தைச் சேர்ந்த பகுதி. பிர்க்கா என்பது பிரிவு. ஜில்லா என்பதற்கு அரபில் விலாவெலும்பு என்றும் பக்கம் என்றும் பொருள். வசூல், பாக்கி, கிஸ்தி ஆகியவையும் அங்கிருந்து வந்தவையே. இவற்றின் தலைமேல் வெள்ளையர் வைத்த கலெக்டர் என்ற ஆங்கிலப் பதத்துக்கும் திரட்டுகின்றவர் என்பதே பொருள். அதிகாரிகளின் பெயர்களிலேயே அன்றைய ராஜாங்கத்தின் பிரதான நோக்கம் விளங்கிக் கிடக்கிறது. இந்தக் கூட்டத்தின் நடுவே அடங்கல் என்ற சுத்தத் தமிழ்ச் சொல் ஒன்று கிராமக் கணக்கில் தலைநிமிர்ந்து நிற்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தருவது. ஒவ்வொரு சர்வே எண்ணிலும் என்ன பயிர், யார் அனுபவம் என்பதைத் தன்னுள் அடக்கியது என்பதால் அதற்கு அப்பெயர்.

ஜமாபந்தியோடு பிரியாமல் வரும் மற்றொரு சொல் பசலி. 'பஸ்ல்' என்றால் அறுவடைப் பருவம். ஹிஜ்ரி ஆண்டு சந்திரனைப் பின்பற்றுவதால் அறுவடைக்கும் வரிக்கும் இசைவில்லாமற் போக, மொகலாயர்கள் வரிக் கணக்குக்கென்று சூரியமான ஆண்டு ஒன்றை ஏற்படுத்தினார்கள். தென்னாட்டுப் பசலி ஷாஜஹான் காலத்தில், 1636-இல், அப்போதைய ஹிஜ்ரி ஆண்டாகிய 1046-ஐ அப்படியே எடுத்துக்கொண்டு தொடங்கியது. அதனால்தான் ஆங்கில ஆண்டிலிருந்து 590-ஐக் கழித்தால் பசலி கிடைக்கிறது. முன்பு ஆடி மாதத்தை ஒட்டிப் பிறந்த பசலி, சென்னை ராஜதானியில் 1855 முதல் ஜூலை முதல் தேதியில் பிறக்கிறது. 2024 ஜூலையில் பிறந்தது 1434-ஆம் பசலி. சிற்றாற்றுப் பாசனத்தில் கார், பிசானம் என்று இருபோகம் கண்ட தென்காசி விவசாயிக்கு இந்த ஆண்டுக்கணக்கு இயற்கையாகவே பொருந்தியது. பிசான அறுவடை முடிந்து, கார் நடவுக்கு அருவித் தண்ணீரை எதிர்நோக்கியிருக்கும் இடைவேளையில் சென்ற பசலியின் கணக்கை முடிப்பதே ஜமாபந்தி.

அது எப்படி நடந்தது என்பதைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். கம்பெனியார் முதலில் கிராமங்களை மொத்தமாகக் குத்தகைக்கு விட்டுப் பார்த்து, அது நன்மை தராமற் போகவே, 1820-இல் கவர்னரான தாமஸ் மன்றோ ஆதரித்த ரயத்துவாரி முறைக்கு வந்தார்கள். நடுவே ஜமீன்தார் இன்றி, ஒவ்வொரு குடியோடும் அரசே நேரில் கணக்குத் தீர்த்துக்கொள்ளும் முறை அது. நேரில் தீர்ப்பதென்றால் ஆண்டுதோறும் பார்த்தாக வேண்டும் அல்லவா? அதிகாரி முகாமிட்ட இடத்துக்குக் கிராமக் கணக்கரான கர்ணம் தன் கணக்குக் கட்டுகளைச் சுமந்துகொண்டு வருவார். எவர் எந்த நிலத்தை விட்டார், எவர் புதிதாகத் தரிசை உழுதார், புன்செயில் வாய்க்கால் தண்ணீர் பாய்ச்சியவர் எவர், ஒருபோக நன்செயில் இரண்டாம் போகம் எடுத்தவர் எவர் என்று விசாரித்து, இரண்டாம் போகத்துக்குப் பசலி ஜாஸ்தியும், புன்செயில் பாய்ந்த தண்ணீருக்குத் தீர்வை ஜாஸ்தியும் சேர்த்து, பயிர் சாவியாய்ப் போன இடத்தில் வஜா என்னும் வரித் தள்ளுபடி கொடுத்து, எஞ்சிய மொத்தத்தைக் குடியின் தலையில் கட்டுவார்கள். வஜா என்ற ஒரு வார்த்தைக்காக வெயிலில் கைகட்டி நின்றவர்கள் எத்தனையோ பேர். கட்டப்பட்ட தொகை வசூலாகாவிடில் நிகழ்ந்தவற்றை 1855-இல் வெளியான சித்திரவதை விசாரணைக் கமிஷனின் அறிக்கை பதிவு செய்திருக்கிறது. விரல்களை மரக்கட்டைகளுக்கிடையே நசுக்கும் கிட்டியும், உடலை வளைத்துக் கட்டி நிறுத்தும் அண்ணாந்தாளும் வரிவசூலின் உபகரணங்களாக இருந்தன என்பதை அரசாங்கத்தார் நியமித்த அந்தக் கமிஷனே ஒப்புக்கொண்டது. தமிழ்ச் சொற்கள் ஆங்கில அறிக்கையில் இந்த விதமாக இடம்பெற நேர்ந்ததை எண்ணும்போது நெஞ்சு வேதனைப்படுகிறது.

இன்றைய தென்காசி மாவட்டம் முழுவதும் இந்த ஜமாபந்திக்கு உட்பட்டிருந்தது என்று நினைத்துவிடலாகாது. சிவகிரி, ஊற்றுமலை முதலியவை ஜமீன்கள். அங்கே குடி வரியை ஜமீனுக்குக் கட்டினான், ஜமீன்தார் அரசுக்குப் பேஷ்குஷ் என்னும் கப்பம் கட்டினார். 1948-ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகே அந்தக் கிராமங்கள் ரயத்துவாரிக் கணக்கிற்குள் வந்தன. செங்கோட்டையோ திருவிதாங்கூர் ராஜ்யத்தைச் சேர்ந்தது. தென்காசியிலிருந்து ஏறக்குறைய ஐந்து மைல் சென்றால் பசலி மறைந்து கொல்லம் ஆண்டு வந்துவிடும். இங்கே பட்டா எண் என்பதற்கு அங்கே தண்டப்பேர். 1956 நவம்பர் முதல் தேதி செங்கோட்டையின் பெரும்பகுதி சென்னை ராஜ்யத்தோடு இணைந்தபின் இந்த இருவேறு கணக்குகளும் ஒன்றாயின. குற்றாலத்து அருவியிலிருந்து கண்ணுக்கெட்டும் தூரத்துக்குள் மூன்று விதமான வரிமுறைகள் ஒரே காலத்தில் நிலவின என்பது, எல்லைநாடுகளைப் பற்றி எழுதுகிறவர்கள் இன்னும் போதிய அளவு கவனிக்காத விஷயம்.

சுதந்திரத்துக்குப் பின் அரசின் வருமானத்தில் நிலவரியின் முக்கியத்துவம் ஆண்டுக்காண்டு குறைந்தது. குடிக்கு அரசு செய்யவேண்டிய கடமைகளோ பெருகின. முதியோர் உதவித்தொகைத் திட்டம் 1962-இல் வந்தது. ஜாதிச் சான்றும் வருமானச் சான்றும் வாரிசுச் சான்றும் இல்லாமல் பிள்ளைகளின் படிப்போ உத்தியோகமோ நடவாத நிலை வந்தது. இவை யாவும் வருவாய்த் துறையாரின் கையெழுத்தை வேண்டி நின்றமையால், வரியைக் கட்டி நிலைநிறுத்தக் கூடிய அதே இடத்தில் மனு கொடுக்கும் கூட்டம் திரளலாயிற்று. 1980 நவம்பரில் கர்ணம், கிராம முன்சீப் பதவிகள் ஒழிக்கப்பட்டு, பின்னர் கிராம நிர்வாக அலுவலர்கள் அவர்களுடைய இடத்துக்கு வந்தார்கள். கணக்குப்பிள்ளையின் வீட்டுத் திண்ணையிலிருந்த ஏடு அரசாங்கத்தின் ஏடாக ஆனது சாமானிய குடிக்குப் பெரிய விடுதலை. செய்தி பரவும் வழியும் மாறியிருக்கிறது. தேதியைத் தமுக்கடித்துச் சொன்ன காலத்தில் அந்த வேலையை ஒரு வகுப்பார்மீதே சுமத்தியிருந்தார்கள். 2022 ஆகஸ்டில் தண்டோரா முறையைக் கைவிட்டு ஒலிபெருக்கியைக் கொள்ளுமாறு தமிழக அரசு மாவட்டங்களுக்கு எழுதியது. நெடுநாட்களுக்கு முன்பே வந்திருக்கவேண்டிய உத்தரவு அது.

அரசாங்கம் இப்பொழுது ஜமாபந்திக்கு வருவாய்த் தீர்வாயம் என்று பெயர் எழுதுகிறது. இச்சொல்லை நான் பெரிதும் மதிக்கிறேன். தீர் என்ற அடியிலிருந்து தீர்வை வருகிறது, அது வரி; தீர்வு வருகிறது, அது குறையின் முடிவு; தீர்ப்பு வருகிறது, அது நியாயம். ஆயம் என்பதற்கும் வரி என்றொரு பொருளும் கூட்டம் என்றொரு பொருளும் உண்டு. பழைய ஜமாவும் புதிய மனுவும் ஆகிய இரண்டையும் ஒரே சொல் தாங்கிக்கொள்கிறது. 'ஜமா' என்பதில் இருந்த கூடுதல் என்னும் கருத்தையும் அது விட்டுவிடவில்லை. எனினும் மக்கள் நாவிலுள்ள ஜமாபந்தியை அகற்றிவிட்டு இதை மட்டும் எழுதுவது உசிதமன்று. அறிவிப்புப் பலகையில் ஒன்றின் பக்கத்தில் மற்றொன்றையும் எழுதும் இன்றைய வழக்கமே தக்கது.

2019 நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டமான பின்பு, திருநெல்வேலியில் தாமிரபரணிக் கரையிலுள்ள கொக்கிரகுளத்துக் கலெக்டர் ஆபீஸுக்குப் பஸ் ஏறிப் போகவேண்டிய அவசியம் இவ்வூராருக்கு இல்லாமற் போயிற்று. மாவட்டத்தின் எட்டுத் தாலுகாக்களிலும் ஜமாபந்தி நடக்கிறது. அதிகாரி கிராமக் கணக்குகளைப் புரட்டிப் பார்க்கிறார். நிலம் அளக்கும் சங்கிலியின் நீளம் சரியாக இருக்கிறதா என்று பிடித்துப் பார்க்கிறார். பின்னர் மனுக்களை வாங்குகிறார். சிட்டாவையும் அடங்கலையும் இணையத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்று வந்துவிட்டபோதிலும், கணினியில் ஏறிய பிழையைத் திருத்த ஒரு மனிதரின் முன்னால் நிற்கவேண்டியிருப்பதால் கூட்டம் குறைந்தபாடில்லை. இறுதி நாளில் குடிகள் மாநாடு என்ற பெயரில் கூட்டம் நடத்தி, பட்டாக்களும் உதவித்தொகை உத்தரவுகளும் வழங்குகிறார்கள்.

பழைய கச்சேரிகளில் ஜமா, வசூல், பாக்கி என்று மூன்று பத்திகளாகக் கணக்கெழுதுவார்கள்: கட்டவேண்டியது இவ்வளவு, கட்டியது இவ்வளவு, நிற்பது இவ்வளவு. இன்று ஜமாபந்தி முடிந்ததும் வெளியாகும் செய்திக்குறிப்பிலும் மூன்று தொகைகள் இருக்கின்றன: வந்த மனுக்கள், தீர்வு கண்டவை, நிலுவையில் உள்ளவை. முன்பு பாக்கிப் பத்தியில் குடியின் பெயர் இருந்தது. இப்போது அங்கே இருப்பது அரசாங்கத்தின் கடன். சென்ற பசலியில் கொடுத்த மனுவின் ரசீதைப் பத்திரமாக வைத்திருந்து, இந்தப் பசலியின் ஜமாபந்தியில் எடுத்து நீட்டி, அந்த மூன்றாம் பத்தியைப் பற்றிக் கேள்வி கேட்கும் உரிமை தென்காசித் தாலுகாவின் ஒவ்வொரு குடிக்கும் உண்டு.