எண்பது வயதுக் கிழவர்

சமயபுரம் மாரியம்மனைப் பார்க்க வருகிறவர்களில் பெரும்பாலோர் பக்கத்துக் கண்ணனூர் போஜீஸ்வரர் கோயிலை எட்டிப் பார்ப்பதில்லை. நானும் முப்பது வயதுவரை பார்த்ததில்லை. அம்மாவின் வேண்டுதலுக்காகப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூட்டத்துக்குப் பயந்துதான் அந்தப் பக்கம் ஒதுங்கினோம். ஆட்டோக்காரர், "போஜராஜா கட்டின கோயிலுங்க" என்றார்.

போஜனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. போசளேஸ்வரம் என்ற பெயர்தான் தேய்ந்து இப்படி ஆகியிருக்கிறது. போசளர் என்றால் ஹொய்சளர். பேலூர், ஹளேபீடு கோயில்களைக் கட்டிய அதே வம்சம்.

கன்னட ராஜாவுக்குக் கொள்ளிடத்துக்கு வடக்கே என்ன வேலை? 1231 வாக்கில் மூன்றாம் ராஜராஜ சோழனைக் கோப்பெருஞ்சிங்கன் சேந்தமங்கலத்தில் சிறை வைத்தான். ஹொய்சள இரண்டாம் நரசிம்மன் படை அனுப்பி மீட்டான். உதவிக்கு வந்தவர்கள் திரும்பிப் போகவில்லை. (ரெண்டு வாரத்துக்குன்னு வந்த கன்சல்டன்ட் டீம் மூணு வருஷம் உட்கார்ந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.) நரசிம்மனின் மகன் சோமேஸ்வரன் இங்கே விக்ரமபுரம் என்று ஒரு தலைநகரே வைத்துக்கொண்டான். 1250களின் கடைசியில் சடையவர்மன் சுந்தரபாண்டியன் கண்ணனூரைப் பிடித்தான். மிச்சத்தை 1279இல் மாறவர்மன் குலசேகரபாண்டியன் முடித்து வைத்தான். ஆக, இந்த ஊரிலிருந்து முதலில் துரத்தப்பட்ட அந்நியர் ஹொய்சளர்தான்.

அதே வம்சத்தின் மூன்றாம் வீரவல்லாளன் 1342இல் அந்நியரைத் துரத்துகிறேன் என்று இதே கண்ணனூருக்கு வந்து நின்றான். இப்போது கோட்டை மதுரை சுல்தானிடம். அந்த சுல்தானியமே டெல்லிக்கு எதிரான கலகத்தில் பிறந்தது. துக்ளக்கின் ஆளுநர் ஜலாலுத்தீன் அஹ்ஸன் கான் 1335 வாக்கில், இனி நானே சுல்தான் என்று அறிவித்துக்கொண்டார்.

அடுத்து நடந்ததை எழுதியவர் இபன் பதூதா. அன்றைய சுல்தான் கியாசுத்தீன் அவருக்குச் சகலை. இருவருமே அஹ்ஸனின் மகள்களைக் கட்டியவர்கள். அப்படியிருந்தும் சகலையின் கொடூரங்களை அவர் மறைக்கவில்லை. வல்லாளனிடம் ஒரு லட்சத்துக்கு மேல் படை, அதோடு இருபதாயிரம் முஸ்லிம்கள் என்கிறார். எண்களை அப்படியே நம்ப வேண்டாம், ஆனால் மதத்தை வைத்து மட்டும் இந்தப் போரைப் பிரித்துவிட முடியாது என்பது தெரிகிறது.

கோட்டைக்குள் பதினான்கு நாள் சாப்பாடுதான் மிச்சம். சரணடையும் முன் சுல்தானைக் கேட்க வேண்டும் என்று அவகாசம் கேட்டார்கள். வல்லாளன் கொடுத்தான். இங்கேதான் எல்லாம் கவிழ்ந்தது. ஒரு மதிய நேரம், குதிரைகள் மேய்ச்சலில் இருக்கும்போது சுல்தானின் படை பாய்ந்தது. முகாமில் இருந்தவர்கள் திருடர்கள் என்று நினைத்தார்களாம். எண்பது வயது வல்லாளன் குதிரை ஏறப் பார்த்துப் பிடிபட்டான். விட்டுவிடுவதாக ஆசைகாட்டி யானை, குதிரை, பணமெல்லாம் கறந்தபிறகு கொன்று, தோலை உரித்து, வைக்கோல் திணித்து மதுரை மதிலில் தொங்கவிட்டார்கள். அங்கே தொங்கியதை நானே பார்த்தேன் என்கிறார் இபன் பதூதா.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எகிப்தின் செகெனென்ரே தாவோ நினைவுக்கு வருவான். வடக்கே ஹிக்ஸோஸ் ஆட்சி; அந்தப் பெயருக்கே அயல்நாட்டு ஆட்சியாளர்கள் என்றுதான் பொருள். அவர்களோடு மோதிய தீப்ஸ் அரசன் இவன். இவனது மம்மியின் மண்டையில் ஆயுதக் காயங்கள் இன்றும் தெரிகின்றன. பிடிபட்டு, கை கட்டப்பட்ட நிலையில் கொல்லப்பட்டிருக்கலாம் என்று 2021இல் வெளியான சிடி ஸ்கேன் ஆய்வு சொன்னது. ஆனால் அவன் குடும்பத்துக்குக் கணக்கு நேரானது. காமோஸ் போரைத் தொடர்ந்தான், அக்மோஸ் அவாரிஸைப் பிடித்து ஹிக்ஸோஸை விரட்டினான்.

வல்லாளனுக்கு அது கிடைக்கவில்லை. சில வருடங்களில் ஹொய்சள வம்சமே மறைந்தது. மதுரையை வென்றது விஜயநகரத்துக் குமார கம்பணன், அவனும் துங்கபத்ரைக் கரையிலிருந்து வந்தவன். 1371இல் கோபணார் ரங்கநாதரை ஸ்ரீரங்கத்துக்குத் திரும்பக் கொண்டுவந்தார். அதைச் சொல்லும் கல்வெட்டு அங்கே இருக்கிறது. கம்பணனைப் பாட அவன் மனைவி கங்காதேவியே ஒரு காவியம் எழுதினாள்.

கோயில் வாசல் நிழலில் உட்கார்ந்து அம்மாவிடம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். சோழன், பாண்டியன், சுல்தான் எதற்கும் அவள் அசையவில்லை.

"எண்பது வயசுலயா குதிரை ஏறினாரு?" என்று மட்டும் கேட்டாள்.