மூழ்கும் தீவுகளின் முப்பத்தெட்டாண்டு வழக்கு

ஹிஜ்ரி 744-இல் (கி.பி. 1343) மாலத்தீவுக்கு வந்த இப்னு பதூதா அங்கே காழியாகப் பதவி வகித்தார், பின்னர் இலங்கை வழியாக நம் மஅபர் கரைக்கு வந்து சேர்ந்தார். அத்தீவுகளின் தென்னை, கயிறு, சோழி ஆகியவற்றை அவர் விரிவாகப் பதிவு செய்துள்ளார். கடலின் மட்டம் அக்காலத்தில் பேசுபொருளே அன்று.

அது பேசுபொருளானது 1987-இல். அவ்வாண்டு ஏப்ரலில் எழுந்த பேரலைகள் தலைநகர் மாலேக்குள் புகுந்தன. கடலைத் தூர்த்து நிலமாக்கிய பகுதிகள் பெரிதும் சேதமுற்றன. சுமார் 1,190 தீவுகள் கொண்ட அந்நாட்டின் நிலப்பரப்பில் ஐந்தில் நான்கு பங்கு, கடல்மட்டத்திலிருந்து ஒரு மீட்டர் உயரம்கூட இல்லாதது. அதே ஆண்டு அக்டோபரில், அல்அஸ்ஹரில் பயின்றவரான அதிபர் மஃமூன் அப்துல் கையூம், ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில் தம் நாட்டின் அழிவைக் குறித்து உரையாற்றினார். அவருடைய முப்பதாண்டு ஆட்சியைப் பற்றிக் குறை கூறுவதற்கு நிறையவே உண்டு. எனினும் இந்த ஒரு விஷயத்தில் அவர் காலத்தை முந்தியவர் என்பதை மறுப்பதற்கில்லை.

படையும் பணமும் இல்லாத நாடு என்ன செய்ய இயலும்? தன்னைப் போன்றவர்களைத் திரட்டலாம். 1989 நவம்பரில் மாலேயில் கூடிய சிறு நாடுகள், கடல்மட்ட உயர்வு பற்றிய பிரகடனம் ஒன்றை வெளியிட்டன. மறு ஆண்டு ஜெனீவாவில் சிறு தீவு நாடுகளின் கூட்டணி உருவாயிற்று. இன்று அதில் 39 நாடுகள் உள்ளன. 1994-இல் இக்கூட்டணி, தொழில்வள நாடுகள் 2005-க்குள் தம் கரியமில வாயு வெளியீட்டை 1990-இன் அளவிலிருந்து 20 விழுக்காடு குறைக்க வேண்டும் என்று வரைவு ஒன்றை முன்வைத்தது. 1997-இல் கியோட்டோவில் கிடைத்ததோ, 2012-ஐ எல்லையாகக் கொண்ட ஏறத்தாழ ஐந்து விழுக்காடு.

ஆயினும் இவ்வழக்கின் உயிர்நிலை விழுக்காட்டில் இல்லை, ஈட்டில் உள்ளது. கடல் உயர்வால் நேரும் இழப்பை ஈடு செய்ய, வளமிக்க நாடுகள் பணம் செலுத்தும் காப்பீட்டு ஏற்பாடு ஒன்று வேண்டும் என 1991-இலேயே கூட்டணியின் சார்பில் வனுவாட்டு கோரியது. நம் ஃபிக்ஹு நூல்களைப் பயின்றோருக்கு இது புதிய கேள்வியன்று. பிறர் பொருளை நேரடியாக அழித்தவர் (முபாஷிர்) அறியாமல் அழித்திருந்தாலும் ‘ளமான்’ எனும் ஈடு அவர் மீது கடமையாகும். அழிவுக்குக் காரணமாக மட்டும் இருந்தவரோ (முதஸப்பிப்), வேண்டுமென்றோ வரம்பு மீறியோ செய்திருந்தாலன்றிப் பொறுப்பாளி ஆகார். மான்செஸ்டரில் எரிந்த நிலக்கரிக்கும் மாலேயில் அரிக்கப்பட்ட கரைக்கும் இடையே உள்ள உறவு இவ்விரண்டில் எது? உலக மாநாடுகளில் முப்பது ஆண்டுகளாக நடந்த பூசல், வேறு சொற்களில் இதுவேயாகும்.

2015-இல் பாரிஸ் ஒப்பந்தம், வெப்ப உயர்வை 2 பாகைக்கு வெகுவாகக் கீழே நிறுத்தவும் 1.5 பாகைக்குள் அடக்க முயலவும் இசைந்தது. அந்த 1.5 எனும் எண், தீவு நாடுகள் விடாது வற்புறுத்திப் பெற்றது. நாடுகள் நெடுங்காலத் திட்டங்களை வகுத்து அளிக்க முயல வேண்டும் எனவும் அதில் கூறப்பட்டது. ஆனால் உடன் நிறைவேறிய தீர்மானத்தின் 51-ஆம் பத்தி, இழப்பு பற்றிய பிரிவு எவ்விதப் பொறுப்புக்கும் நட்டஈட்டுக்கும் அடிப்படையாகாது என்று கதவடைத்தது. கையூமின் அரசியல் எதிரியான முஹம்மது நஷீத் 2009-இல் கடலுக்கடியில் அமைச்சரவையைக் கூட்டியது உலகின் கண்ணில் பட்டது. என் எண்ணத்தில், ஆட்சி மாறியும் கோரிக்கை மாறாதிருந்ததே அதைவிடப் பெரிது.

இங்கே ஒரு கசப்பையும் மறைப்பதற்கில்லை. 2018-இல் கட்டோவிட்சே மாநாட்டில், 1.5 பாகை பற்றிய விஞ்ஞானிகளின் அறிக்கையை ‘வரவேற்க’ மறுத்த நான்கு நாடுகளில் அமெரிக்காவும் ரஷ்யாவும் மட்டுமல்ல, சவூதி அரேபியாவும் குவைத்தும் இருந்தன. முழுக்க முஸ்லிம்கள் வாழும் ஒரு நாடு மூழ்குவதைப் பற்றிய அறிக்கை அது. எண்ணெய்க்கு முன் உம்மத்து என்ற சொல் எவ்வளவு தூரம் செல்லும் என்பதை அன்று பார்த்தோம்.

2022-இல் எகிப்தின் ஷர்முஷ் ஷெய்க்கில் இழப்புகளுக்கான நிதியம் ஒப்புக்கொள்ளப்பட்டது. 1991-இல் கேட்டதன் நிழல் அது. கடமை என்னாது உதவி என்ற பெயரில் வந்தது. அடைத்த கதவை நீதிமன்ற வழியில் தட்ட வனுவாட்டு முனைந்தது. 2025 ஜூலை 23 அன்று சர்வதேச நீதிமன்றம், தட்பவெப்பத்தைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை என்றும், அதை மீறுவது காரணத் தொடர்பு நிறுவப்படின் முழு ஈட்டுக்கும் வழிவகுக்கலாம் என்றும் ஒருமனதாகக் கருத்துரைத்தது. அது ஆலோசனைக் கருத்து மட்டுமே. எவரையும் கட்டுப்படுத்தும் தீர்ப்பன்று. அதற்கு முந்தைய ஆண்டான 2024-இல் பூமியின் சராசரி வெப்பம், தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிட ஏறத்தாழ 1.55 பாகை உயர்ந்திருந்தது.

இதற்கிடையே மாலேக்கு அருகில், 1997-இல் தூர்க்கத் தொடங்கிய ஹுல்ஹுமாலே என்னும் செயற்கைத் தீவில் மக்கள் குடியேறி வருகின்றனர். அது கடல்மட்டத்திலிருந்து சுமார் இரண்டு மீட்டர் உயரத்தில் அமைக்கப்பட்டுள்ளது.