துவையல் பந்தி: உணவுக் கட்டுப்பாட்டின் ஒரு தென் திருவிதாங்கூர் வரலாறு

உணவிலும் குடியிலும் கட்டுப்பாடு என்பதை இன்று தனிமனித மனவுறுதியாகவே பேசுகிறோம். தென் திருவிதாங்கூர் வரலாறு வேறொன்றைக் காட்டுகிறது.

1830களின் இறுதியில், சிறைமீண்ட அய்யா வைகுண்டர் 700 குடும்பங்களைக் குமரிக் கடற்கரையின் வாகைப்பதிக்கு அனுப்பினார். நாள்தோறும் கடலாடி, ஆடை துவைத்து, மீனும் இறைச்சியும் விலக்கி, பச்சரிசியும் சிறுபயறும் ஒருவேளை மட்டும் அவர்கள் உண்டதாக அய்யாவழி மரபு கூறுகிறது. அதன் பெயர் துவையல் பந்தி. (தேங்காய்த் துவையல் அன்று, துணி துவைத்தல்.) பெயரின் மறுபாதியே எனக்கு முதன்மையாகப் படுகிறது: பந்தி, உடனமர்ந்து உண்ணும் வரிசை. நோன்பைக் காத்தது அவ்வரிசையே.

இதனை மேல்சாதித் தூய்மையின் நகல் என்போர் உளர். பனையேறும் குடிகளைத் தீட்டென ஒதுக்கிய அரசில், பூசாரியின்றி, பெண்களும் குழந்தைகளும் சேர்ந்து மேற்கொண்ட தவத்தை நகல் என்பது போதாது.

குளத்தூர் அமைந்த நெய்யாற்றின்கரை வட்டத்திலேயே, அருவிப்புறத்தில் 1888இல் சிவலிங்கம் நிறுவியவர் நாராயண குரு. மதுவை நஞ்சென்ற அவரது அறிவுரை, உண்டாக்காதீர் என்று தொடங்கி, கொடுக்காதீர் என்று நகர்ந்து, குடிக்காதீர் என்பதை இறுதியில் வைக்கிறது. கேட்டவர்களுள் பல குடும்பங்களுக்குக் கள்ளிறக்குதலே பிழைப்பு.