மறையுரை என்பதும் ஓர் உரையே: தர்மபுரியிலிருந்து ஒரு நோக்கு

தர்மபுரி வட்டாரத்தில் திரௌபதி அம்மன் திருவிழா நடக்கும் ஊர்களில் பிற்பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து. வில்லிபாரதப் பாடல் ஒன்றை உடனிருப்பவர் பாட, பிரசங்கியார் அதைச் சொல் சொல்லாகப் பிரித்துப் பொருள் சொல்வார். கேட்க உட்கார்ந்திருப்பவர்கள் கடலைக்காட்டில் களை வெட்டிவிட்டு வந்தவர்கள். கதை அவர்களுக்குத் தெரியும், முடிவும் தெரியும். ஆனாலும் ஒரு சொல்லுக்கு அவர் தரும் விளக்கம் ஊரில் நடந்த ஏதோ ஒன்றைத் தொட்டுவிட்டால் கூட்டம் நிமிர்ந்து உட்காரும். கிறிஸ்தவக் கோவில் உரையின் நிலை வேறு. 2024 ஜூனில் போப் பிரான்சிஸ், திருப்பலியில் ஆற்றும் மறையுரை எட்டு நிமிடத்தைத் தாண்ட வேண்டாம் என்றார். நீண்ட உரையில் ஆட்கள் தூங்கிவிடுகிறார்கள் என்பது அவர் கவலை. அந்தக் கவலை நியாயமானது. ஆனால் நாள்கணக்கில் பாரதம் கேட்கும் மக்கள் ஞாயிற்றுக்கிழமை பத்தாவது நிமிடத்தில் வாசலைப் பார்க்கிறார்கள் என்றால், குறை கடிகாரத்தில் மட்டும் இல்லை.

வழிபாட்டில் திருநூலை விளக்கிப் பேசுவதற்குத் தமிழ்க் கிறிஸ்தவர்களிடம் மூன்று சொற்கள் புழங்குகின்றன. சீர்திருத்தச் சபையார் பிரசங்கம் என்பர். பாரதக்காரரும் ஆளும் சொல் அது. பெந்தெகொஸ்தே சபைகளில் செய்தி கொடுப்பார்கள். கத்தோலிக்கர் மறையுரை என்கிறார்கள். இந்த மூன்றாவது சொல்லில் ஒரு முழு இறையியல் அடங்கியிருக்கிறது என்பது என் கருத்து. தமிழில் உரை என்றால் பேச்சு மட்டுமன்று. பரிமேலழகர் குறளுக்கு எழுதியதும் உரை. நச்சினார்க்கினியர் தொல்காப்பியத்துக்கு எழுதியதும் உரை. மூலம் இல்லாமல் உரை இல்லை. அந்தப் பொருளில் மறையுரையாளர் மேடைப் பேச்சாளர் அல்லர், உரையாசிரியர். எனவே மறையுரை கற்பது பேசக் கற்பதற்கு முன்னால் வாசிக்கக் கற்பது.

இந்த வரிசை புதியதன்று. நெகேமியா நூலின் எட்டாம் அதிகாரத்தில் எஸ்ரா மரமேடை மேல் நின்று திருச்சட்டத்தை வாசிக்கிறார். லேவியர் மக்களுக்குப் பொருள் விளங்கச் செய்கின்றனர். புனித அகுஸ்தீன் கிறிஸ்தவப் போதனை பற்றி எழுதிய நூல் நான்கு பாகம் கொண்டது. அவற்றுள் மூன்று, திருநூலை எப்படிப் புரிந்துகொள்வது என்பதைப் பற்றியவை. கற்பித்தல், இன்புறுத்தல், உள்ளத்தை அசைத்தல் என்று சிசரோவிடமிருந்து எடுத்துக்கொண்ட பேச்சிலக்கணம் கடைசிப் பாகத்தில்தான் வருகிறது. 396 வாக்கில் தொடங்கிய அந்த நூலை மூன்றாம் பாகத்தின் நடுவில் நிறுத்திவிட்டு, 426-இல்தான் முடித்தார். சொற்கலையைத் தொழிலாகவே கற்பித்தவர் அவர். அவரே பேச்சைக் கடைசியில் வைத்தார் என்பதை மறையுரை வகுப்பு நடத்துவோர் மறக்கலாகாது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வெளியிட்ட திருவழிபாடு பற்றிய ஏடு, மறையுரையை வழிபாட்டின் உறுப்பாகவே ஆக்கியது. வாசகத்தைத் தொடாமல் போகிற போக்கில் புத்தி சொல்லும் பேச்சு அந்த ஏட்டின்படி மறையுரை ஆகாது.

நம் பகுதியில் இதைக் கற்றவர்கள் யார்? பாராமகால் என்று அழைக்கப்பட்ட இந்த நிலம் இயேசு சபையாரின் மைசூர் மறைப்பணிக்கு உட்பட்டிருந்தது. பின்னர் 1930-இல் சேலம் மறைமாவட்டம் அமைந்தது. 1997-இல் அதிலிருந்து தர்மபுரி பிரிந்தது. கோவிலூர் போன்ற பழைய கத்தோலிக்க ஊர்களில் குருவானவர் வந்துபோகும் நாள்களை விட வராத நாள்களே அதிகமாக இருந்த காலம் நீண்டது. அப்போது செபம் சொல்லி, ஞான உபதேசம் கற்பித்து, சாகக் கிடந்தவர் அருகில் இருந்தவர் வேதியர், அதாவது உபதேசியார். அவர்களுக்காக வீரமாமுனிவர் 1727-இல் எழுதிய நூலின் பெயரே என் வாதத்துக்குத் துணை: ‘வேதியர் ஒழுக்கம்’. சொல்வன்மைக்கு இலக்கணம் வகுக்கக்கூடியவர், தொன்னூல் விளக்கம் எழுதியவர், உபதேசியாருக்கு வேண்டிய முதல் பாடமாகப் பேச்சை அன்று, ஒழுக்கத்தை வைத்தார்.

1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் (767) திருப்பலி மறையுரையைக் குருவுக்கும் திருத்தொண்டருக்கும் மட்டும் உரியதாக்குகிறது. அதற்கு முந்தைய விதி, பொதுநிலையினர் கோவிலில் போதிக்க இடம் தருகிறது. முதல் விதியை எல்லாரும் அறிவர். இரண்டாவதை எடுத்துச் சொல்வோர் குறைவு. வேதியர்களால் வளர்ந்த மண்ணில் இந்த மறதி வருத்தத்துக்குரியது.

மறையுரையாளர் மூலத்திடம் மட்டுமன்று, கேட்பவரிடமும் கற்க வேண்டும். அப்படிக் கற்பது என்றால் என்ன என்பதை ஒரு முறை கண்ணால் பார்த்தேன். ஒரு சிற்றூரில், மாலையில், குருத்துவ மாணவர் ஒருவர் விதைப்பவர் உவமையை மறுநாள் உரைக்காகச் சிலரோடு சேர்ந்து வாசித்தார். வழியிலும் பாறையிலும் முள்ளிலும் விதையை வீணாக்கும் அந்த உழவர் கவனக்குறைவானவர்தானே என்று கேட்டார். திண்ணையோரம் புளி தட்டிக்கொண்டிருந்த பாட்டி கையை நிறுத்தவில்லை. “ஏன் பிரதர், கொள்ளு எப்படி வெதைக்கறோம்? தூவிட்டு அப்புறம்தானே மேல ஒரு ஒழவு ஓட்டறோம். தூவறப்ப தடமும் தெரியாது, முள்ளும் தெரியாது” என்றார். இதையே விவிலிய அறிஞர் யோவாக்கிம் எரேமியாஸ் 1947-இல் உவமைகள் பற்றிய தம் நூலில் பாலஸ்தீன வழக்கமாகக் காட்டியிருந்தார். பிற்காலத்தில் அதற்கு மறுப்பும் எழுந்தது. வாதம் முடிந்ததோ இல்லையோ, மானாவாரிக் காட்டில் அது அன்றாட அறிவு. மாணவர் நோட்டில் எழுதியிருந்த “கவனக்குறைவு” என்ற சொல்லை அடித்தார். அந்த ஒரு கோடு ஒரு பருவ வகுப்புக்குச் சமம் என்றே எனக்குத் தோன்றியது.

1969-இல் மதுரை அரசரடியில் எழுந்த தமிழ்நாடு இறையியல் கல்லூரி, மக்களிடம் கற்கும் இந்தத் திசையில் முன்னே சென்றது. அங்கே கற்பித்த தியோபிலஸ் அப்பாவு, பறட்டை என்று அறியப்பட்டவர், வழிபாட்டையே நாட்டார் இசைக்கும் பேச்சுத் தமிழுக்கும் கொண்டுவந்தார். ஒரே உலையில் பொங்கிச் சேர்ந்து உண்ணும் ‘ஒரு உலை’ அவருடைய இறையியலின் மையம். அது எளிமைப்படுத்தல் அன்று. யாரோடு உண்கிறாய் என்ற கேள்வி சாதியின் அடிமடியில் கை வைக்கிறது.

மறையுரையின் மிகக் கடினமான பாடம் அங்கேதான் இருக்கிறது. 2012 நவம்பர் 7, புதன்கிழமை. தர்மபுரி அருகே நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகளில் 200-க்கும் மேற்பட்ட வீடுகள் சாதி வன்முறையில் கொள்ளையடிக்கப்பட்டுக் கொளுத்தப்பட்டன. அடுத்த ஞாயிறு நவம்பர் 11, பொதுக்காலம் 32-ஆம் ஞாயிறு. அன்று கத்தோலிக்கக் கோவில்களில் வாசிக்கப்பட்டது மாற்கு 12. ஏழைக் கைம்பெண் இரண்டு காசு போடும் பகுதி. அதை எடுத்துக் கொடையின் பெருமையைப் பேசுவது பழகிய தடம். காணிக்கைத் தட்டு வருமுன் பேச வசதியான தடமும்கூட. ஆனால் அந்தக் காசுக்கு இரண்டு வசனம் மேலே, கைம்பெண்களின் வீடுகளை விழுங்குவோரை இயேசு கண்டிக்கிறார். இரண்டையும் சேர்த்து வாசித்தால், கடைசிக் காசையும் போடும் அந்தப் பெண் ஏற்கெனவே விழுங்கப்பட்டவள். இயேசு சொன்னது பாராட்டா, புலம்பலா என்று விவிலிய அறிஞர் ஆடிசன் ரைட் 1982-இல் எழுப்பிய கேள்வி, எரிந்த வீடுகளுக்குச் சில கிலோமீட்டர் தொலைவில் ஆய்வுக் கேள்வியாக மட்டும் நிற்க முடியாது.

இங்கே குரலும் கையசைவும் உதவா. ஒரே கோவிலில் எரித்தவர் சாதியைச் சேர்ந்தவரும் எரிக்கப்பட்டவர் சாதியைச் சேர்ந்தவரும் உட்கார்ந்திருக்கலாம். கைம்பெண்ணைக் காணிக்கைக்கு எடுத்துக்காட்டாக ஆக்கினால் மூலத்துக்கும் துரோகம், மண்ணுக்கும் துரோகம். மூலத்தை விட்டுவிட்டுச் செய்தித்தாளைப் பேசினால் அது உரையே ஆகாது. வீடுகளை விழுங்குவோரைக் கண்டிக்கும் அந்த நாற்பதாம் வசனத்தை உரக்க வாசித்து, ‘வீடு’ என்ற சொல்லில் நின்று, பொருள் சொல்ல வேண்டும். பாரதப் பிரசங்கியார் ஒரு சொல்லில் நிற்பாரே, அதுபோல.

2013-இல் வெளிவந்த போப் பிரான்சிஸின் ‘நற்செய்தியின் மகிழ்ச்சி’, போதகர் மக்களுக்கும் செவிகொடுக்க வேண்டும் என்று தனியே ஒரு பத்தி (154) எழுதி வைத்திருக்கிறது. அதை நடைமுறையாக்கப் பெரிய ஏற்பாடு தேவையில்லை. வாரத்தின் நடுவில் ஒரு மாலை, வரும் ஞாயிற்றின் வாசகத்தைக் காலனியில் ஒரு வீட்டிலும் ஊரில் ஒரு வீட்டிலும் அங்குள்ளவர்களோடு வாசிக்கலாம். மாணவர் பேசாமல் குறிப்பெடுக்கலாம். 2012-இல் அந்த வாரம் அப்படி ஒரு மாலை எங்கேனும் அமைந்திருந்தால், புதன்கிழமைக்கு மறுநாள் அந்த வீட்டில் விரிந்திருக்கும் பக்கம் மாற்கு 12.