வைகையின் இரு கரைகள்

திண்டுக்கல்லிலிருந்து ரயிலில் மதுரைக்கு வருவோர் விளாங்குடியையும் கூடல்நகரையும் கடந்தபின் வைகைப் பாலத்தின்மேல் ஏறுவர். கீழே நோக்கினால், ஆண்டின் பெரும்பகுதியில் மணல் திட்டும் புதரும் நடுவே ஓர் ஓடையுமே தெரியும். இந்த ஆற்றுக்கு எதற்கு இத்தனை பாலங்கள் என்று வெளியூர் நண்பர்கள் நம்மைக் கேலி செய்வதுண்டு. கேள்வி எளிது, விடை காண மதுரையின் நில அமைப்பையும் வரலாற்றையும் ஒருங்கே நோக்க வேண்டும்.

வைகை வருசநாட்டு மலைகளில் பிறப்பது. ஏறத்தாழ 258 கிலோமீட்டர் நீளமுடையது. பனிமலை ஆறுகளைப் போன்று என்றும் வற்றாதது அன்று. மழையை நம்பிய ஆறு. வழிநெடுகக் கால்வாய்களும் கண்மாய்களும் தத்தம் பங்கை எடுத்துக்கொள்ள, எஞ்சிய நீர் இராமநாதபுரம் பெரிய கண்மாயை அடைகிறது. மிகுந்த வெள்ளம் மட்டுமே ஆற்றங்கரை என்னும் ஊரருகே கடலைக் காண்கிறது. கடல் சேராத ஆறு என்று இதனை இகழ்வார் உளர். நம் முன்னோரோ, கடலில் விழும் நீரைத்தான் இழப்பாகக் கருதினர் போலும்! 1895இல் பெரியாற்று அணை நிறைவெய்தி, மேற்கே ஓடிய நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே இப்பக்கம் திரும்பியது. 1959இல் வைகை அணை எழுந்தது. எனினும் வடகிழக்குப் பருவமழை வலுத்துவிட்டால், நேற்றுவரை மணலாகக் கிடந்த இடத்தில் இன்று இரு கரையும் தொட்டு வெள்ளம் ஓடும். பாலத்தின் தேவை அந்தச் சில நாட்களில்தான் விளங்கும்.

கரைகள் இரண்டும் பாலத்தால்தான் முதன்முதலில் உறவு கொண்டன என்று எண்ணிவிடலாகாது. தென்கரையில் கோட்டையும் கோயிலும் காஜிமார் தெருப் பெரிய பள்ளிவாசலும் இருக்க, வடகரையில் கோரிப்பாளையம் தர்கா இருக்கிறது. 'கோர்' என்னும் பாரசீகச் சொல்லுக்குக் கல்லறை என்பது பொருள். அதிலிருந்தே ஊர்ப்பெயர் பிறந்தது என்பர். அங்கே அடங்கியிருப்போர் அலாவுத்தீன், சம்சுத்தீன் என்னும் இரு சுல்தான்கள் என்பது வழிவழி வரும் செய்தி. பாண்டிய மன்னர் அளித்த நிலக்கொடையைப் பற்றி எழுந்த வழக்கை மதுரை வீரப்ப நாயக்கர் விசாரித்து, 1573இல் அக்கொடையை உறுதி செய்ததாக அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. தென்கரையில் அரசு செலுத்திய ஓர் இந்து மன்னர், வடகரைத் தர்காவின் உரிமையைக் கல்லில் நிலைநாட்டினார்! எந்தப் பாலமும் இல்லாத காலத்து நிகழ்ச்சி இது.

1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவர்களை இடித்து அகழியைத் தூர்த்தார். நகரம் வெளியே விரிந்தது. 1875இல் ரயில் வந்தது. ஆக, சாலைப் பாலத்துக்கு முன்பே ஆற்றைக் கடந்தது ரயில்தான். மாட்டுவண்டிக்காரர் மேலும் பல ஆண்டுகள் காத்திருந்து, 1889இல்தான் கற்பாலம் பெற்றனர். விக்டோரியா அரசியின் பேரர் ஆல்பர்ட் விக்டரின் பெயரை அதற்குச் சூட்டினர். மூன்றே ஆண்டுகளில், 1892இல், 28ஆம் வயதில் அவ்விளவரசர் மறைந்தார். மதுரை மக்கள் நாவில் அவர் 'ஏ.வி. பாலம்' என்ற இரண்டெழுத்தாக மட்டும் எஞ்சினார்.

இங்கே பொஸ்னியா நாட்டு மொஸ்தார் நகரம் நம் நினைவுக்கு வருகிறது. நெரெத்வா ஆற்றுப் பாலத்தின் காவலர்களால் அந்த ஊருக்கே பெயர் வாய்த்தது. அவ்வாற்றின் மீது உதுமானியர் 1566இல் ஒற்றை வளைவுப் பாலத்தை முடித்தனர். 1993இல் போர் அப்பாலத்தை வீழ்த்தியது. 2004இல் மீண்டும் எழுப்பித் திறந்தனர். அங்கே பாலம் ஊருக்குப் பெயர் தந்தது. இங்கே ஊருக்குத் தொடர்பில்லாதவர் பெயரைப் பாலம் சுமக்கிறது.

ஆயினும் அந்தப் பாலம் செய்த வேலை பெரிது. கல்லூரி, மருத்துவமனை, ஆட்சியர் அலுவலகம் எனப் பலவும் வடகரையில் எழுந்தன. வயலும் கண்மாயுமாக இருந்த வடகரைச் சிற்றூர்கள் நகரை நோக்கி நெருங்கின. பேரூராட்சியாக இருந்த விளாங்குடி 2011இல் மதுரை மாநகராட்சியோடு இணைந்தது. வயல்கள் மனைகளாயின. பாலம் வந்தபின் ஆற்றில் இறங்க வேண்டிய தேவையில்லை. இறங்காதவர்க்கு அது ஆறு என்பதும் மறந்துபோயிற்று. கழிவுநீரையும் குப்பையையும் அதனிடம் ஒப்படைக்க நாம் தயங்கவில்லை.

வெள்ளம் வரும்போது யானைக்கல் தரைப்பாலம் மூழ்கிப் போக்குவரத்து நிற்கிறது. அன்று ஏ.வி. பாலத்தின் கைப்பிடிச் சுவரோரம் மக்கள் கூட்டமாக நின்று, குழந்தைகளைத் தூக்கிப் பிடித்து ஆற்றைக் காட்டுகின்றனர்.