ஓடுபாதையில் ஒரு சீழ்க்கை

விமானப் பயணத்தில் ஆபத்து எப்போது என்று கேட்டால், வானத்தில் பறக்கும்போது என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். ஆனால் உலகிலேயே மிகுதியான உயிர்களைப் பலிகொண்ட விமான விபத்து தரையில்தான் நிகழ்ந்தது. மோதிய இரண்டு ஜம்போ ஜெட்களில் ஒன்று ஓடுபாதையில் மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்தது. மற்றொன்று மேலே எழும்ப ஓடி வந்துகொண்டிருந்தது. 1977 மார்ச் 27 அன்று 583 பேர் இறந்தனர்.

இடம், ஸ்பெயின் நாட்டின் கேனரித் தீவுகளில் ஒன்றான டெனெரீஃப். அங்குள்ள லோஸ் ரொடேயோஸ் விமான நிலையம் கடல் மட்டத்துக்கு மேல் 600 மீட்டருக்குச் சற்று அதிகமான உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் மேகமே தரையைத் தொட்டுக்கொண்டு போகும்; சில நிமிடங்களில் பார்வை மறைந்துவிடும், பிறகு தெளியும், மறுபடி மறையும். அங்கே ஒரே ஒரு ஓடுபாதைதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்துத் தீவின் லாஸ் பால்மாஸ் விமான நிலையத்தில் குண்டு வெடித்தது. அங்கே இறங்கவேண்டிய விமானங்களெல்லாம் இந்தச் சிறிய நிலையத்துக்குத் திருப்பிவிடப்பட்டன. நிற்க இடமில்லாமல், ஊர்ந்து செல்வதற்கான பக்கப் பாதையிலும் விமானங்களை நிறுத்தினார்கள். அதனால் புறப்படும் விமானம் ஓடுபாதையிலேயே மறுகோடி வரை ஊர்ந்து சென்று, அங்கே திரும்பி நின்று, பிறகு எழும்பவேண்டியதாயிற்று.

ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்திருந்த கே.எல்.எம். விமானம் அப்படியே சென்று திரும்பி நின்றது. அதன் பின்னாலேயே பான் அமெரிக்கன் விமானம் ஊர்ந்து வந்தது. மூன்றாவது கிளைப் பாதையில் விலகிவிடும்படி அதற்கு உத்தரவு. ஆனால் மூன்றாவது கிளையில் நுழைய ஒரு ஜம்போ ஏறத்தாழ 150 பாகை திரும்பவேண்டும். நான்காவது கிளையிலோ 45 பாகை போதும். மேகத்துக்குள் கிளைகளை எண்ணிக்கொண்டே வந்த அந்த விமானம் மூன்றாவதைக் கடந்துவிட்டது. கோபுரத்திலிருந்து பார்த்தால் இரண்டு விமானங்களும் தெரியவில்லை. ஒரு விமானத்துக்கு மற்றது தெரியவில்லை. தரை ரேடாரும் அங்கு இல்லை. மூவரையும் இணைத்தது ஒரே ஒரு வானொலி அலைவரிசைதான்.

கோபுரத்திலிருந்து கே.எல்.எம்.முக்கு வழித்தட அனுமதி வந்தது. மேலே சென்றபின் எந்தத் திசையில் போகவேண்டும் என்பதற்கான அனுமதி அது. ஓடத் தொடங்குவதற்கான அனுமதி அல்ல. ஆனால் அதற்குள்ளும் ‘டேக் ஆஃப்’ என்ற சொல் இருந்தது. துணை விமானி அதைத் திருப்பிச் சொல்லி முடிக்குமுன்பே தலைமை விமானி விமானத்தை ஓட்டத் தொடங்கிவிட்டார். ‘இப்போது டேக் ஆஃபில் இருக்கிறோம்’ என்ற பொருள்பட அவர் முடித்தார். புறப்படத் தயாராக நிற்கிறார்கள் என்று கோபுரத்தில் இருந்தவர் எண்ணினார். ‘ஓ.கே.’ என்றார். ஓரிரு விநாடி கழித்து, ‘காத்திருங்கள், நான் அழைக்கிறேன்’ என்றார். அதே கணத்தில் பான் அமெரிக்கன் விமானி பதறிப்போய், ‘நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம்’ என்று அறிவித்தார்.

இரண்டு எச்சரிக்கைகளில் எது ஒன்று தெளிவாகச் சென்றிருந்தாலும் போதும். கே.எல்.எம். அறையில் ‘ஓ.கே.’ தெளிவாகக் கேட்டது. அதன்பின் மூன்று நான்கு விநாடிகள் ஒரு சீழ்க்கை ஒலி!

இது ஏன் வந்தது? இயற்பியல் மாணவர்களுக்கு விடை தெரிந்ததே. 256, 260 என்ற அதிர்வெண்கள் கொண்ட இரண்டு இசைக்கவைகளைச் சேர்த்து ஒலிக்கச் செய்தால் விநாடிக்கு நான்கு விம்மல்கள் கேட்கும் அல்லவா? வானொலி அலைகளிலும் அப்படியே. விமானப் பேச்சு சுமார் 120 மெகாஹெர்ட்ஸ் அளவிலான ஊர்தி அலைகளில் வீச்சுப் பண்பேற்றம் செய்து அனுப்பப்படுகிறது. இரண்டு ஒலிபரப்பிகளை ஒரே அதிர்வெண்ணில் வைத்தாலும் அவை துல்லியமாக ஒத்திருப்பதில்லை. லட்சத்தில் ஒரு பங்கு வேறுபாடு இருந்தாலே 120 மெகாஹெர்ட்ஸில் அது 1200 ஹெர்ட்ஸ் ஆகிவிடும். நமது காதுக்கு அது நல்ல சீழ்க்கை. சொற்கள் அதில் மூழ்கிவிடுகின்றன. பொத்தானை அழுத்திப் பேசிக்கொண்டிருப்பவருக்கோ அது கேட்பதே இல்லை. தாம் சொன்னது போய்ச் சேர்ந்துவிட்டது என்றே அவர் நினைப்பார்.

பண்பலைக்கு மாறினால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். பண்பலை ஏற்பியில் வலுவான அலை வலுக்குறைந்ததை விழுங்கிவிடும்; சீழ்க்கைகூடக் கேட்காது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினார்கள் என்ற செய்தியாவது வீச்சுப் பண்பேற்றத்தில் கிடைக்கிறது. அந்தச் சீழ்க்கையைக் கேட்டு, ‘மறுபடி சொல்லுங்கள்’ என்று யாராவது கேட்டிருக்கவேண்டும் என்பதே என் கருத்து.

சொல்லப்போனால், ஒருவர் ஐயுறவே செய்தார். ஓடுபாதை காலியானதும் அறிவிக்கும்படி கோபுரம் பான் அமெரிக்கனிடம் சொன்னது அடுத்துத் தெளிவாகக் கேட்டது. ‘அந்த விமானம் இன்னும் விலகவில்லையா?’ என்று கே.எல்.எம். விமானப் பொறியாளர் கேட்டார். விலகிவிட்டது என்று தலைமை விமானி உறுதியாகச் சொன்னார். அவர் அந்த நிறுவனத்தில் மற்ற விமானிகளுக்கே பயிற்சி தருபவர். பொறியாளர் மேலும் வற்புறுத்தவில்லை. விநாடிக்கு 70 மீட்டருக்கு மேல் ஓடும் ஜம்போவை, விநாடிக்கு 3 மீட்டர் வீதம் வேகத்தைக் குறைத்து நிறுத்தவே 800 மீட்டருக்கு மேல் வேண்டும். கண்ணுக்குத் தெரிந்த தூரமோ அதைவிடக் குறைவு. கே.எல்.எம்.மில் இருந்த 248 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. பான் அமெரிக்கனில் 61 பேர் பிழைத்தனர்.

இதன்பின் விதி மாறியது. ஓடி எழும்ப அனுமதி தரும்போதும், தந்த அனுமதியை ரத்துச் செய்யும்போதும் மட்டுமே ‘டேக் ஆஃப்’ என்று உச்சரிக்கலாம். மற்ற வேளைகளில் ‘டிபார்ச்சர்’ என்றே சொல்லவேண்டும். ஒரு சொல்லை ஒதுக்கி வைப்பதற்குப் பணம் தேவையில்லை. பணம் தேவைப்படும் ஏற்பாடுகள் மெதுவாக வந்தன: தரை ரேடார், ஓடுபாதையின் வாயிலில் குறுக்கே எரியும் சிவப்பு விளக்கு வரிசை. 2001 அக்டோபர் 8 அன்று இத்தாலியின் மிலான் நகரத்து லினாத்தே நிலையத்தில், மூடுபனியில் தவறான கிளையில் வந்த சிறு விமானம், எழும்பிக்கொண்டிருந்த பெரிய விமானத்தின் குறுக்கே நுழைந்தது. 118 பேர் இறந்தனர். அன்று அங்கே தரை ரேடார் இயங்கவில்லை.

சொல்லின் வேலை அத்துடன் முடிந்துவிடவில்லை. 2024 ஜனவரி 2 அன்று மாலை டோக்கியோவின் ஹானெடா நிலையத்தில், ஊர்ந்து வந்த கடலோரக் காவற்படை விமானத்திடம், ஓடுபாதைக்கு வெளியே காத்திருக்கும் இடம் வரை வரும்படி சொல்லி, வரிசையில் ‘நம்பர் ஒன்’ என்றார்கள். ஓடுபாதையில் நுழைய அனுமதி கிடைத்துவிட்டதாக அதன் விமானி எண்ணினார். உள்ளே போய் நின்ற அதன்மீது, 379 பேருடன் இறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் மோதித் தீப்பற்றியது. 379 பேரும் வெளியேறிவிட்டனர். காவற்படை விமானத்தில் இருந்த ஆறு பேரில் ஐவர் இறந்தனர். ஓடுபாதையில் விமானம் நிற்பதைக் கோபுரத்துத் திரை காட்டிக்கொண்டுதான் இருந்தது, யாரும் கவனிக்கவில்லை. அதன்பின் ‘நம்பர் ஒன்’ என்று வரிசை எண் சொல்வதை ஜப்பான் சிறிது காலம் நிறுத்தி வைத்தது. அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டே இருப்பதற்கென்று தனியாக ஓர் ஆளையும் அமர்த்தினார்கள்.